எங்கள் அருங்காட்சியகத்தில் ஆறு தையல் மெஷின் இருக்கிறது, ஊரைத்தான் காணோம்

கேள்வி கேட்பவர் (புனைபெயர்): படிக்கட்டு

எல்லோருக்கும் வணக்கம். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள் நான். எங்கள் ஊர் சின்னது. மூடிக் கிடந்த பழைய தபால் அலுவலகக் கட்டடத்தை ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து சுத்தம் செய்து, சுண்ணாம்பு அடித்து, ஊர் அருங்காட்சியகம் என்று பலகை மாட்டியிருக்கிறோம். இரண்டு அறை, பின்னால் ஒரு ஸ்டோர், முன்னால் வராந்தா. "டீச்சர் பார்த்துக்கொண்டால்தான் சரி" என்று சாவியை என் கையில் கொடுத்துவிட்டார்கள். சாவியோடு சம்பளமோ உதவிக்கு ஆளோ வரவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பழைய பொருள் இருந்தால் கொடுங்கள் என்று அறிவிப்பு போட்டதும் வராந்தா நிறைந்துவிட்டது. தையல் மெஷின் மட்டும் ஆறு. அதில் மூன்று ஒரே மாடல். வால்வு ரேடியோ, நின்றுபோன சுவர்க்கடிகாரங்கள், கரி இஸ்திரிப்பெட்டி, தட்டச்சு இயந்திரம், சட்டம் போட்ட குடும்பப் படங்கள், ஒரு பெரிய மரக்கட்டில். கட்டிலைக் கொண்டுவந்தவர் வீட்டுக்கு அந்த வாரம்தான் புதுக் கட்டில் வந்திருந்தது. வருவதை வேண்டாம் என்று சொல்லி யார் மனதையும் நோகடிக்கக் கூடாது என்பது குழுவின் தீர்மானம். ஸ்டோர் கதவை இப்போது முழுதாகத் திறக்க முடிவதில்லை.

இன்னொரு தலைவலி. செல்வாக்கான குடும்பம் ஒன்று தாத்தாவின் சாய்வு நாற்காலியைக் கொண்டுவந்திருக்கிறது. முன் அறையில், நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில், தாத்தா பெயரோடு எப்போதும் இருக்க வேண்டுமாம். "கொடுக்கிறோம், ஆனால் அது எங்களுடையதுதான்" என்கிறார்கள். இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கவில்லை.

திறப்பு விழாவுக்குக் கூட்டம் வந்தது. அவரவர் கொடுத்த பொருளைத் தேடிக் கண்டுபிடித்து, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து வரிசையாகப் போகிறார்கள், வெளியூர் விருந்தாளிகள் மழைக்கு ஒதுங்குகிறார்கள், அவ்வளவுதான்.

போதாக்குறைக்கு ஒரு மரப்பெட்டியின் அடியில் வெள்ளைத் தூள் கொட்டிக் கிடக்கிறது. சில படங்கள் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கின்றன.

எதை வாங்குவது, எதை மறுப்பது? கையில் காசில்லாமல் இருப்பதை எப்படிக் காப்பாற்றுவது? ஊர்க்காரர்களை எப்படி இரண்டாம் முறை வரவைப்பது? இந்த வேலையில் கை அழுக்கானவர்கள் யாராவது சொன்னால் நல்லது.

பதில்: கம்பளிப்பூச்சி

மற்றதெல்லாம் இருக்கட்டும் டீச்சர், அந்த மரப்பெட்டியை இன்றைக்கே மற்ற பொருள்களிலிருந்து பிரித்துத் தனியாக வையுங்கள்.

ஊசி நுழையும் அளவுக்கு வட்ட ஓட்டை, அதன் கீழே பவுடர் போன்ற தூள் என்றால் மரத்தைத் துளைக்கிற வண்டு. ஆனால் தூள் பழையதாகவும் இருக்கலாம், வண்டு எப்போதோ போயிருக்கலாம். பெட்டியை நன்றாகத் துடைத்து, கறுப்புத் தாள்மேல் வைத்து, பாலித்தீனால் மூடிச் சில வாரம் விடுங்கள். தாளில் புதுத் தூள் விழுந்திருந்தால் உள்ளே இன்னும் குடித்தனம் நடக்கிறது.

அப்படியானால் மருந்தைவிடக் குளிர் நல்லது. பாலித்தீனில் சுற்றி, காற்றை முடிந்தவரை வெளியேற்றி, டேப்பால் அடைத்து, ஆழ்குளிர்ப் பெட்டியில் வைக்க வேண்டும். -20 டிகிரி செல்சியஸ் என்றால் இரண்டு வாரம். -30 வரை போகிற பெட்டி கிடைத்தால் மூன்று நாள். வெளியே எடுத்த உடனே பிரித்துவிடாதீர்கள். ஒரு நாள் முழுக்க உறையோடு கிடக்கட்டும், இல்லாவிட்டால் குளிர்ந்த மரத்தின்மேல் ஈரம் படியும். கம்பளித் துணி, பூச்சி அரித்த புத்தகம் எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம்தான். எண்ணெய் ஓவியம், கண்ணாடி நெகட்டிவ், மேலே மெல்லிய பலகை ஒட்டி அலங்கரித்த மரச்சாமான் ஆகியவற்றை மட்டும் குளிருக்குள் தள்ளாதீர்கள்.

அந்துருண்டை வேண்டவே வேண்டாம். ஒரு வகை உருண்டை பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். எந்த வகையானாலும் அடைத்த ஸ்டோருக்குள் உட்கார்ந்து வேலை பார்க்கிற உங்களுக்குக் கெடுதல்.

கண்ணாடியில் ஒட்டிய படத்தை உரிக்க ஆசை வரும். உரித்தால் படம் கண்ணாடியிலும் வெறுந்தாள் கையிலும் இருக்கும். படத்தைத் தாங்குகிற ஜெலட்டின் படலம்தான் ஈரத்தில் இளகி ஒட்டியிருக்கிறது. கண்ணாடியோடு அப்படியே ஸ்கேன் செய்துவிட்டு, பிரிப்பதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

ஒரு ஈரப்பதமானி வாங்குங்கள், பெரிய செலவில்லை. 65 சதவீதத்துக்கு மேலே நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். காலையில் 40, மாலையில் 70 என்று ஆடுவதும் மரத்தையும் தோலையும் பிளக்கும். அலமாரியைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். அப்புறம், இனி உள்ளே வருகிற எந்தப் பொருளும் முதலில் வராந்தாவில் ஒரு மூலையில் காத்திருக்கட்டும். பூச்சி இல்லை என்று உறுதியான பிறகு ஸ்டோருக்குப் போகட்டும்.

பதில்: பதிவேட்டுக்காரன்

பெரிய அருங்காட்சியகம் ஒன்றின் பதிவுப் பிரிவில் காலம் தள்ளியவன் நான். பார்வையாளர் கண்ணில் படாத அறை, பொருளுக்கு எண் எழுதுகிற உத்தியோகம். ஆகவே என் பதில் கொஞ்சம் குமாஸ்தாத்தனமாகத்தான் இருக்கும்.

நாற்காலியில் ஆரம்பிக்கலாம். "கொடுக்கிறோம், ஆனால் எங்களுடையது" என்றால் அது கொடை கிடையாது, கடன். கடன் வாங்குவதில் தப்பில்லை. ஆனால் திருப்பிக் கொடுக்கிற தேதி வேண்டும், இடையில் சேதமானால் யார் பொறுப்பு என்று எழுத வேண்டும். 'நிரந்தரக் கடன்' என்று சிலர் சொல்வார்கள். அப்படி ஒன்றை ஒப்புக்கொள்ளாதீர்கள். இப்போது கொடுப்பவருக்கும் உங்களுக்கும் பேச்சு சுமுகமாக இருக்கும். அவருக்குப் பிறகு நான்கு வாரிசுகள் நான்கு கடிதத்தோடு வருவார்கள்; அன்றைக்கு நீங்களும் அங்கே இருக்க மாட்டீர்கள்.

கொடை என்றால் ஒரு பக்கக் கடிதம் போதும். இந்தப் பொருள் என்னுடையது, இதை முழு உரிமையோடு அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கிறேன், காட்சிக்கு வைப்பதும் வைக்காததும் அவர்கள் முடிவு, இவ்வளவுதான். படமோ கையெழுத்துப் பிரதியோ என்றால் அச்சிடவும் இணையத்தில் போடவும் அனுமதி உண்டா என்று ஒரு வரி சேருங்கள். இரண்டு கையெழுத்து, தேதி. அந்தக் குடும்பத்திடம் இந்தத் தாளை நீட்டிப் பாருங்கள். கையெழுத்துப் போட்டால் நாற்காலி உங்களுடையது. போடாவிட்டால் மரியாதையாக வண்டி ஏற்றி அனுப்பிவிடலாம், "குழுவின் விதி" என்று பழியைத் தாளின்மேல் போட்டுவிட்டு.

அடுத்தது பதிவேடு. கணினியில் போடுகிறேன் என்று தொடங்காதீர்கள், அது இரண்டாவது வேலை. தைத்துக் கட்டிய, பக்க எண் உள்ள கெட்டி நோட்டு, அழியாத மை. தவறு நேர்ந்தால் ஒற்றைக்கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம். தாளைக் கிழிக்கவோ வெள்ளை மை பூசவோ கூடாது. எண் போடுவதற்கு உலகமெங்கும் இருக்கிற எளிய முறை ஒன்று: 2024.17.3 என்றால் 2024ஆம் ஆண்டு வந்த பதினேழாவது கொடையில் மூன்றாவது பொருள். நோட்டின் நகல் வேறொரு கட்டடத்தில் இருக்க வேண்டும். தீப்பிடித்தால் பொருளும் பதிவேடும் சேர்ந்து போகக் கூடாது.

அந்த எண்ணைப் பொருளின்மேல் எழுதுவதில்தான் நல்லெண்ணம் உள்ளவர்கள் நாசம் செய்கிறார்கள். செல்லோடேப் ஒட்டுவது, படத்தின் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதுவது, மார்க்கர். கண்காட்சி முடிந்து டேப்பை எடுத்தால் வார்னிஷும் சேர்ந்து வரும். படத்துக்கும் காகிதத்துக்கும் மெல்லிய பென்சில், பின்பக்க ஓரத்தில், கெட்டியான பலகைமேல் வைத்து. துணிக்குப் பருத்தி நாடாவில் எண்ணை எழுதி, இரண்டு தையல் போட்டு இணைக்க வேண்டும். மரம், உலோகம், பீங்கானுக்குப் பாரலாய்டு பி-72 என்கிற பிசினை அசிடோனில் கரைத்துச் சிறு பட்டையாகப் பூசி, காய்ந்ததும் அதன்மேல் எழுதி, மறுபடி ஒரு பூச்சு. வேண்டாம் என்றால் அசிடோனால் துடைத்தெடுத்துவிடலாம். பிசின் கிடைக்காவிட்டால் அட்டைச் சீட்டை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள், குடி முழுகிப்போகாது. (பித்தளையைப் பளபளவென்று தேய்க்கிற தன்னார்வலர் யாராவது இருந்தால் அவருக்கு வேறு வேலை கொடுங்கள். ஒவ்வொரு தேய்ப்பிலும் பொருளில் கொஞ்சம் துணியோடு போகிறது.)

ஸ்டோர் கதவு திறக்கவில்லை என்கிறீர்கள். பண்பாட்டுப் பொருள்களைப் பாதுகாப்பதற்கென்று ரோமில் இருக்கும் ஐக்ரோம் நிறுவனம் சின்ன அருங்காட்சியகங்களுக்காகவே 'ரீ-ஆர்க்' என்று ஒரு முறை வகுத்திருக்கிறது. அதில் எனக்குப் பிடித்த இரண்டு அளவுகோல்: எந்தப் பொருளையும் மூன்று நிமிடத்துக்குள் கண்டுபிடிக்க முடிய வேண்டும், அதை எடுக்க வேறு இரண்டு பொருளுக்கு மேல் நகர்த்தக் கூடாது. உங்கள் ஸ்டோரில் இதைச் சோதித்துப் பாருங்கள். சிரிப்பு வரும், அப்புறம் வேலை தொடங்கும்.

இனி தையல் மெஷின். ஆறில் ஐந்தைக் கழித்துவிடு என்று பலர் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். கொடுத்த ஆறு பேரையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். இதில் யார் தைத்தார், என்ன தைத்தார், யாருக்காக, எந்த வெளிச்சத்தில், காசுக்கா வீட்டுக்கா, எப்போது நிறுத்தினார், ஏன். மூன்று ஒரே மாடல் என்கிறீர்களே, அந்த மூன்றும் மூன்று விதமான வாழ்க்கையாக இருக்கக்கூடும். ஒன்றில் ஒருத்தி குடும்பத்தையே ஓட்டியிருப்பாள். இன்னொன்று சீதனமாக வந்து உறை பிரிக்காமலே துரு ஏறியிருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அதுவே ஒரு கண்காட்சி. ஒன்றும் சொல்லத் தெரியாமல் "பரணில் கிடந்தது" என்பவரின் மெஷினைப் பதிவேட்டில் ஏற்றாமல் பிள்ளைகள் சக்கரம் சுற்றிப் பார்க்க வராந்தாவில் போடலாம், கையில் குத்தாதபடி ஊசியைக் கழற்றிவிட்டு.

ஏற்கெனவே பதிவானதைக் கழிப்பதென்றால் குழு கூடி, காரணம் எழுதி, கொடுத்தவருக்குச் சொல்லி, முதலில் வேறோர் அருங்காட்சியகத்துக்கோ பள்ளிக்கோ கொடுக்கப் பாருங்கள். விற்றால் அந்தக் காசு சேகரிப்புக்கே திரும்ப வேண்டும். கரண்ட் பில்லுக்குப் போகக் கூடாது. குழு உறுப்பினர் யாரும் வாங்கக் கூடாது. இது நான் சொல்வதில்லை, உலக அருங்காட்சியகங்களின் பேரவையான ஐகாம் வகுத்த நெறிமுறை.

இதெல்லாம் குமாஸ்தா வேலை. நான் உண்மையில் சொல்ல வந்தது வேறு.

உங்கள் பட்டியலை மறுபடி படியுங்கள். ரேடியோ, கடிகாரம், சட்டம் போட்ட படம், சாய்வு நாற்காலி. இதெல்லாம் யார் வீட்டில் இருந்திருக்கும்? பரண் உள்ள வீட்டில். பழையதைத் தூக்கி எறியாமல் வைக்க இடம் இருந்த வீட்டில். அறிவிப்பு போட்டுக் காத்திருந்தால் வருவது அந்த ஊர்தான். கருவியைத் தேயத் தேய உபயோகித்துக் கடைசியில் பழைய இரும்புக்குப் போட்டவர்கள், ஒரே அறையில் மூன்று தலைமுறை இருந்தவர்கள், வேலைக்காக வந்து வேலை போனதும் கிளம்பியவர்கள், இவர்கள் எதையும் தூக்கிக்கொண்டு உங்கள் வராந்தாவுக்கு வர மாட்டார்கள். பிரசவம் பார்த்தவள், சாக்கடை அள்ளியவர், சினிமா ஆபரேட்டர், பஸ் கண்டக்டர், தகன மேடையில் வேலை பார்த்தவர் இவர்களில் ஒருவர் சம்பந்தப்பட்ட பொருளாவது உங்களிடம் இருக்கிறதா? இல்லாவிட்டால் ஊர்க்காரர்கள் ஏன் இரண்டாம் முறை வரவில்லை என்பதற்குப் பாதிப் பதில் அதுதான்.

தென்னாப்பிரிக்காவில் கேப்டவுன் நகரில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்று ஒரு பகுதி. 1966இல் அதை வெள்ளையர்களுக்கான இடம் என்று அறிவித்து, பல ஆண்டுகளில் சுமார் 60,000 பேரை வெளியேற்றி வீடுகளை இடித்தார்கள். 1994இல் அங்கே ஒரு பழைய தேவாலயத்தில் அருங்காட்சியகம் திறந்தபோது காட்டுவதற்குப் பொருள் என்ன இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? தரையில் பெரிய தெரு வரைபடம் விரித்தார்கள். அங்கே வாழ்ந்தவர்கள் வந்து தங்கள் வீடு இருந்த இடத்தில் பெயரைத் தங்கள் கையாலேயே எழுதினார்கள். நீளமான துணியில் வந்தவர்கள் எழுதிப்போன வரிகளைப் பிறகு நூலால் தைத்தார்கள். தெருப்பெயர்ப் பலகைகள் கிடைத்தன. இடிப்பு வேலையை மேற்பார்த்தவரே எறியாமல் வைத்திருந்த பலகைகள் அவை. பொருளே இல்லாத இடத்தில் ஆட்களை வைத்துத் தொடங்கினார்கள்.

இன்னொன்று. அமெரிக்காவில் பல பெரிய அருங்காட்சியகங்களை நடத்துகிற ஸ்மித்சோனியன் நிறுவனம் 1967இல் வாஷிங்டனின் அனகோஸ்டியா பகுதியில், ஓடாமல் கிடந்த ஒரு சினிமா கொட்டகையில் சின்ன அருங்காட்சியகம் திறந்தது. ஜான் கினார்ட் என்பவர் முதல் இயக்குநர். 1969இல் அவர்கள் எதைப் பற்றிக் கண்காட்சி வைத்தார்கள் தெரியுமா, எலியைப் பற்றி. அந்தப் பகுதி வீடுகளில் எலித் தொல்லை. மக்கள் பேசியது அதைத்தான். உயிருள்ள எலிகளோடு வைத்தார்கள். உங்கள் ஊரில் இப்போது மக்கள் எதைப் பற்றிப் புலம்புகிறார்கள்? தண்ணீரா, மூடிய ஆலையா, பஸ் வராததா? அதற்கும் ஒரு வரலாறு இருக்கும். அந்த வரலாற்றை வையுங்கள்.

பதில்: வேகத்தடை

மேலே எழுதியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்தக் காலத்தில் கட்டடம், பூட்டு, பூச்சிமருந்து எல்லாம் எதற்கு? எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து ஒரு ஃபேஸ்புக் குழுவில் போட்டால் ஊரை விட்டுப் போனவர்கள்கூடப் பார்ப்பார்கள். கருத்தும் எழுதுவார்கள். தையல் மெஷினை அவரவர் வீட்டுக்கே அனுப்பிவிடலாம். டீச்சருக்கும் ஓய்வு.

பதில்: ஒலிநாடா

வேகத்தடை சொல்வதில் பாதி சரி. ஊரை விட்டுப் போனவர்களைத் திரட்ட இணையக் குழுவை மிஞ்ச எதுவும் இல்லை. படத்தில் இருக்கிற முகம் யார் என்று கேட்டுப் போட்டால் ராத்திரிக்குள் பெயர், உறவுமுறை, பழைய சண்டை எல்லாம் வந்து விழும். ஆனால் அந்தக் கருத்துகளை யாராவது உட்கார்ந்து பதிவேட்டுக்கு மாற்ற வேண்டும். குழு நடத்துபவர் கணக்கை மூடினாலோ, நிறுவனம் விதியை மாற்றினாலோ எல்லாம் போச்சு. அங்கே ஏறுகிற படமும் சுருக்கப்பட்டுவிடும், மூலப் பிரதியாக ஆகாது.

படங்களை 600 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து, தரம் குறையாத டிஃப் கோப்பாக வையுங்கள். போட்டுக் காட்ட ஜேபெக் தனி. கோப்பின் பெயர் பதிவேட்டு எண்ணாக இருக்கட்டும். 'தாத்தா புதுசு 2' என்று பெயர் வைத்தால் அடுத்த வருடம் உங்களுக்கே தெரியாது. மூன்று பிரதி, இரண்டு வேறு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். கண்காட்சியில் அச்சிட்ட நகலை மாட்டிவிட்டு அசலை இருட்டில் வைத்துவிடலாம். காகிதம், துணி, படம் இவற்றுக்கு 50 லக்ஸ் வெளிச்சம்தான் உச்சம் என்பார்கள். ஜன்னலோரம் அதைப்போலப் பல மடங்கு. வெளுத்தது வெளுத்ததுதான், விளக்கை அணைத்து வைத்தாலும் திரும்பாது.

பழைய பிலிம் சுருள் ஏதாவது வந்திருந்தால் முகர்ந்து பாருங்கள். காடி வாசனை அடித்தால் பிலிமின் அசிட்டேட் பிளாஸ்டிக் சிதைகிறது. சீக்கிரம் பிரதி எடுத்து, மற்றவற்றிலிருந்து பிரித்துவிடுங்கள். 1950களுக்கு முந்திய 35 மில்லிமீட்டர் சுருள் நைட்ரேட் என்கிற பழைய வகைப் பிலிமாக இருக்கலாம். அது எளிதில் தீப்பிடிக்கும், தண்ணீரில்கூட அணையாது. அதைக் கட்டடத்துக்குள் வைக்காமல் தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள்.

என் வேலை குரல் பதிவு, அதனால் பதிவேட்டுக்காரன் அண்ணன் விட்ட இடத்தில் தொடர்கிறேன். பொருள் இல்லாதவர்களிடம் பேச்சு இருக்கிறது. ஆனால் மைக்கை நீட்டி "அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால், அந்தக் காலம் நன்றாக இருந்தது, இப்போது கெட்டுவிட்டது, முடிந்தது பேட்டி. ஒரு பொருளைக் கையில் கொடுத்துக் கேட்க வேண்டும். நான் ஒருமுறை ஓய்வுபெற்ற கண்டக்டரிடம் டிக்கெட்டில் ஓட்டை போடுகிற பஞ்ச் கருவியைக் கொடுத்தேன். வாங்கியதும் கட்டைவிரல் தானாக அதன் இடத்துக்குப் போயிற்று. காற்றிலேயே இரண்டு முறை அழுத்தினார், "ஸ்பிரிங் மாத்தியிருக்காங்க" என்றார். அதற்குப் பிறகு நான் கேள்வியே கேட்கவில்லை. எந்த நிறுத்தத்தில் யார் சில்லறை இல்லை என்பார், கடைசி பஸ்ஸில் தூங்கிப்போகிற ஆலைத் தொழிலாளியை எங்கே எழுப்பி இறக்குவார், எல்லாம் வந்தது.

மின்விசிறியையும் ஃபிரிட்ஜையும் நிறுத்திவிட்டுப் பதியுங்கள். பதிவு அமைப்பில் வேவ் கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று தேர்ந்தெடுங்கள். போனிலேயே செய்யலாம், சட்டைக் காலரில் குத்துகிற மைக் இருந்தால் போதும். தொடக்கத்திலேயே தேதி, இடம், பேசுபவர் பெயரைக் குரலில் சொல்லிவிடுங்கள். சம்மதக் கடிதத்தைப் பேட்டி முடிந்த பிறகு வாங்குங்கள். முன்னாலேயே வாங்கினால் எதற்குச் சம்மதிக்கிறோம் என்றே அவருக்குத் தெரியாது. "இந்த இடத்தை வெளியே விடாதே" என்றால் விடக் கூடாது. ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தில் கொண்டுவர ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும், ஆகவே எல்லாவற்றையும் எழுதப் போகிறேன் என்று சபதம் எடுக்காதீர்கள். எந்த நிமிடத்தில் எதைப் பற்றிப் பேச்சு என்று ஒரு குறிப்பு இருந்தால் தேடுபவருக்கு வழி கிடைத்துவிடும்.

மீண்டும்: படிக்கட்டு

எல்லோருக்கும் நன்றி. மரப்பெட்டியில் தூள் புதிதாக விழுகிறது. மீன் ஏற்றுமதி செய்கிறவர் ஒருவர் குளிர்கிடங்கில் மூலை தருவதாகச் சொல்லியிருக்கிறார், வாசனை வராதபடி மூன்று உறை போடச் சொன்னேன். நாற்காலிக் குடும்பத்திடம் கடிதம் போயிருக்கிறது, பதில் இல்லை. குழுவில் ஒருவருக்கு என்மேல் வருத்தம். இருக்கட்டும்.

தையல் மெஷின் கொடுத்தவர்களைக் கூப்பிட்டுப் பேசத் தொடங்கினேன். மூன்றாவதாக வந்தவர் மெஷினின் பலகையை என்னிடம் காட்டினார். வலப்பக்க விளிம்பில் வரிசையாகக் கத்தியால் கீறிய கோடுகள். நான் அதைத் தேய்மானம் என்று நினைத்திருந்தேன். அவருடைய அம்மா ஆலைத் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடை தைத்தவராம். கடனுக்குத் தைத்தால் ஒரு கோடு, காசு வந்தால் குறுக்கே ஒரு கோடு. எழுதப் படிக்கத் தெரியாது. குறுக்குக்கோடு விழாத கீறல்கள் ஒரு பக்கம் மட்டும் நெருக்கமாக இருக்கின்றன. அது ஆலை மூடிய வருடம் என்றார்.

அதிலிருந்துதான் இப்போது என் சந்தேகம். அடுத்த கண்காட்சியை அந்த ஆலையைப் பற்றி வைக்கலாம் என்று தோன்றுகிறது. ஆனால் ஆலை ஏன் மூடியது என்று ஊரில் இரண்டு கட்சி. வேலைநிறுத்தம்தான் மூடவைத்தது என்பார்கள் சிலர். முதலாளி முன்பே மெஷின்களை விற்கத் தொடங்கிவிட்டார், வேலைநிறுத்தம் அதற்குப் பிறகுதான் என்பார்கள் மற்றவர்கள். இரண்டு தரப்பிலும் உயிரோடு ஆட்கள் இருக்கிறார்கள், ஒரே தெருவில். நான் எதை எழுதி ஒட்டினாலும் சண்டை வரும். எழுதாமல் விட்டால் அது பொய். என்ன செய்வது?

பதில்: பதிவேட்டுக்காரன்

அந்தப் பலகையைப் பக்கவாட்டில் ஒரு விளக்கு வைத்துப் படம் எடுங்கள், கீறல் நிழலோடு தெரியும். வார்னிஷ் அடிக்க யாரையும் விடாதீர்கள். அந்த அம்மாவின் மகளை ஒலிநாடா சொன்ன மாதிரி பதிவு செய்யுங்கள், பலகையை அவர் கையில் கொடுத்து.

ஆலை விஷயத்தில் நீதிபதியாக உட்காராதீர்கள். ஆவணம் சொல்வதை ஆவணம் என்றும், ஆள் சொல்வதை ஆள் சொன்னது என்றும் தனித்தனி அட்டையில் எழுதுங்கள். அட்டைக்கு ஐம்பது அறுபது சொல் போதும், நின்றுகொண்டு படிப்பவருக்கு அதற்கு மேல் பொறுமை கிடையாது. மூடல் அறிவிப்பு, சம்பளச் சீட்டு, சங்கத்தின் துண்டறிக்கை, மெஷின் விற்ற ரசீது எது கிடைத்தாலும் தேதி வரிசையில் வையுங்கள். மெஷின் விற்றது முன்னாலா பின்னாலா என்பதற்குச் சில சமயம் தேதியே பதில் சொல்லிவிடும். சொல்லாவிட்டால் இரண்டு கூற்றையும் ஒரே உயரத்தில், ஒரே எழுத்தளவில், பெயர் போடச் சம்மதித்தவர்களின் பெயரோடு மாட்டுங்கள். எழுதியதை ஒட்டுவதற்கு முன்னால் இரு தரப்பிலும் காட்டுங்கள். வார்த்தையை மாற்றச் சொன்னால் அவர் சொன்னதில் மாற்றலாம், அடுத்தவர் சொன்னதில் கை வைக்க விடக் கூடாது. இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சுவரில் கொஞ்சம் இடம் காலியாக விட்டு, அட்டையும் பென்சிலும் வையுங்கள். ஆலையில் யார் எந்தப் பிரிவில் வேலை பார்த்தார்கள் என்று வந்தவர்கள் எழுதி மாட்டட்டும். ஒவ்வொரு அட்டையின் பின்னாலும் அன்றைய தேதியைப் போட்டுப் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள், அதுவும் இனி சேகரிப்பில் சேர்ந்ததுதான். திறப்பு நாளுக்கு இரு தரப்பையும் ஒரே நேரத்தில் கூப்பிட வேண்டாம். ஒருவரைக் காலையில், மற்றவரை மாலையில்.